ஐந்து பேருக்கு ஒரு கோட்

அடுத்தவன் சும்மா வைத்திருக்கும் பொருளை மோப்பம் பிடிப்பதில் கத்திரி சாரை மிஞ்ச இந்த பூமியில் இன்னொருவர் பிறக்கவில்லை. இரண்டு நாள் ஒரு குடையை எடுக்காமல் வைத்திருந்தால் மூன்றாம் நாள் அது உங்களுடையது இல்லை.

எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டு, ஊர் ஊராக அடுப்பு பற்றவைத்துத் திரிந்த நான், வியட்நாமில், சைகோன் நகரத்தின் பூ மி ஹங் பகுதியில் ஒரு வாடகை வீட்டுக்குச் சமையல்காரனாகப் போய்ச் சேர்ந்தேன். அங்கே ஐந்து தமிழர்கள். டிஸ்ட்ரிக்ட் 1-இல் இருந்த ஒரு வங்கியின் மெயின்ஃப்ரேம் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்ள காண்ட்ராக்டில் வந்தவர்கள். அந்த ஐவரில் தலைவர், தேவகோட்டைப் பக்கத்துக்காரர், கத்திரி சார். நிஜப் பெயர் பாஸ்போர்ட்டுக்குத்தான் தெரியும்.

"உங்க வேலைதான் என்ன சார்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"ஒரே மெஷின்டா. அதுக்குள்ள நாப்பது சர்வர். ஒவ்வொண்ணும் தன்னைத் தனி மெஷின்னு நெனச்சுக்கிட்டிருக்கு. ஒவ்வொரு டிபார்ட்மெண்ட்காரனும் தன் சர்வருக்கு அண்டா நிறைய மெமரி கேப்பான். அது சாப்பிடுறது ஒரு கிண்ணம்."

"மிச்சம்?"

"வெட்டி எடுத்துப் பசிக்கிறவனுக்குப் போட்டுருவேன். எல்லாருக்கும் ஒரே நேரத்துல பசிக்காதுடா."

இப்படி வெட்டுவதால்தான் கத்திரி.

இதே சட்டம் வீட்டிலும் நடந்தது. ஐவருக்கும் இரண்டு மழைக்கோட்டு, ஒரு இஸ்திரிப் பெட்டி. சென்னையிலிருந்து வரும் வாரப் பத்திரிகை ஒரே பிரதி. யாரும் படிக்கலாம், பேனா படக் கூடாது. குறுக்கெழுத்துப் போட வேண்டுமானால் அந்தப் பக்கத்தை மட்டும் ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ள வேண்டும். மெஷினிலும் அப்படித்தானாம். படிப்பதற்கு எல்லா சர்வருக்கும் ஒரே பிரதி, எழுதப் போகிறவனுக்கு மட்டும் அந்தப் பக்கத்தின் நகல். பாலு என்கிற பையன் மறந்துபோய்ப் பத்திரிகையிலேயே கட்டங்களை நிரப்பிவிட்டான். ஒரு வாரம் சார் அவனோடு பேசவில்லை.

மீட்டிங்குக்கென்று ஒரே ஒரு கறுப்புக் கோட் இருந்தது. ஐவரில் பருமனான முருகேசன் அளவுக்குத் தைத்தது. "பெரியவனுக்குத் தைச்சா எல்லாரும் உள்ள போயிரலாம்ல?" என்பார் சார்.

அந்த ஊர்ப் புத்தாண்டான டெட் பண்டிகை நெருங்கியது. ஊரே போனஸை வாங்கிக்கொண்டு ஏ.டி.எம். வாசலில் நிற்கும் காலம். வங்கியின் கம்ப்யூட்டர் பிரிவுக்குத் தலைவியான ஹான் அம்மாவுக்கு, வெட்டி வைத்த மெமரி இந்தக் கூட்டத்துக்குத் தாங்குமா என்று பயம் வந்துவிட்டது. புதிதாக மெமரி வாங்குவது, அந்தச் செலவுக்கு ஈடாக ஐவரில் இருவரை ஊருக்கு அனுப்புவது என்று யோசித்தார். அன்றைக்குச் சார் என் ரசத்தைத் தொடவில்லை. ஆள் குறைந்தால் சமையல்காரன் எதற்கு? எனக்கும் இறங்கவில்லை.

முடிவெடுக்கும் முன் ஐவரையும் ஒவ்வொருவராக வந்து அவரவர் வேலையை விளக்கச் சொன்னார் அந்த அம்மா. ஒவ்வொருவராக என்றால் ஒரு கோட் போதும். சாப்பாட்டுக் கேரியரோடு போயிருந்த நான் வாசலில் கோட் மாற்றிவிடும் ஆளானேன். ஒருவர் வெளியே வருவார், உருவுவேன், அடுத்தவருக்கு மாட்டுவேன். ஒல்லி பாலு அதற்குள் சைக்கிளே ஓட்டலாம்.

மூன்றாவது ஆள் உள்ளே இருக்கும்போது ஹான் அம்மா கதவைத் திறந்தார். "எல்லாரும் சேர்ந்தே வாங்க, முடிச்சிடலாம்."

கோட்டோடு ஒருவர், வெறும் சட்டையோடு நால்வர். கதவு திறந்தே கிடந்தது. அவர்கள் பேசிய இங்கிலீஷில் எனக்குப் புரிந்தது இது. ஹான் அம்மா கேட்டார்:

"காலர்ல இருக்கிற அந்த மீன் சாஸ் கறை மூணு பேர்கிட்டயும் இருந்துச்சு. சர்வருங்க கதையும் இதேதானா?"

சார் நெளியவில்லை. "கோட்டுல தப்பு பண்ணிட்டேன் மேடம். கைவசம் இன்னொண்ணு வெச்சிருக்கணும். மெஷின்ல வெச்சிருக்கேன்." யாருக்கும் கொடுக்காமல் ஒதுக்கியிருந்த மெமரியைத் திரையில் காட்டினார். "அதுவும் தீர்ந்தா ரிப்போர்ட் எடுக்கிற சர்வருங்க காத்திருக்கும். ஏ.டி.எம். நிக்காது."

"நின்னா அஞ்சு பேருக்கும் ஊருக்கு டிக்கெட்" என்றார் அந்த அம்மா.

டெட்டுக்கு முந்தின நாள் காலை சார் என்னை ஒரு பைக் டாக்சியில் ஏற்றி, ஊரிலுள்ள ஏ.டி.எம்.களைப் பார்த்துவர அனுப்பினார். முன்னால் ஒரு பைக்கில், பண்டிகைக்கு வீட்டில் வைக்கிற கும்குவாட் என்கிற குட்டி ஆரஞ்சு மரமே தொட்டியோடு போய்க்கொண்டிருந்தது. ஏ.டி.எம். வாசலில் தெருவரை வரிசை. நின்று, சார் கொடுத்திருந்த கார்டைச் செருகி, சாருக்குப் போன் போட்டேன்.

"கொஞ்சம் யோசிச்சுது சார். ஆனா குடுத்துருச்சு."

"யோசிக்கட்டும்டா. குடுத்துச்சுல்ல?" அடுத்த ஏ.டி.எம்.முக்கு விரட்டினார்.

யாரும் ஊருக்குப் போகவில்லை. சில மாதம் கழித்து, ஓரிடத்தில் கால் நிற்காமல், நான்தான் கிளம்பினேன். வடக்கே மலை ஊரில் ஒரு ஓட்டலில் வேலை. டான் சோன் நாட் விமான நிலையத்துக்கு வழியனுப்பச் சார் வந்தார், கையில் அந்தக் கோட்.

"அங்க குளிரும். நீயே வெச்சுக்க."

"மீட்டிங் வந்தா சார்?"

"சட்டையோட போறோம். போடா."

யாருக்கும் எதையும் தனியாக ஒதுக்காத மனிதர். அந்தக் கோட்டை நான் வருஷக்கணக்காக எடுக்காமல்தான் வைத்திருக்கிறேன். அவர் இன்னும் திருப்பிக் கேட்கவில்லை.