டிரஸ்ஸர் காட்டிய இரண்டு நர்ஸ்

"ரெண்டு நர்ஸ் இருக்கெண்டு நானெல்லோ டொக்டருக்குச் சொல்லிப்போட்டன்!" என்று டிரஸ்ஸர் சோமசேகரம் தலையில் கை வைத்துக்கொண்டார்.

ராசம்மா கஞ்சி வாளியைக் கீழே வைத்தாள். மலாயாவில் குளுவாங் பக்கத்து ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரி அது. அங்கே மருந்து கொடுப்பதும் அதிகாரம் பண்ணுவதும் டிரஸ்ஸர். மற்ற எல்லாம் ராசம்மா. காய்ச்சல் காலமாதலால் ஒரு கட்டிலுக்கு இரண்டு நோயாளிகள் படுத்திருந்தார்கள். நர்ஸ் மட்டும் ஒருத்திதான். இன்னொரு ஆள் வேண்டுமென்று அவள் கேட்கும்போதெல்லாம் டிரஸ்ஸர் "பார்ப்பம்" என்பார். பார்த்துக்கொண்டே இருந்தார். இப்போது ஜொகூர் பாருவிலிருந்து பெரிய டாக்டரே பார்க்க வருகிறார்.

"உண்மையச் சொல்லிடுங்கய்யா. இன்னொரு ஆளு குடுப்பாங்கல்ல?"

"உமக்கு ஆள் கிடைக்கும். எனக்கு வேலை போகும்."

டிரஸ்ஸருக்கு மூளை வேலை செய்ய ஆரம்பித்தது. அது ஆரம்பித்தாலே ஆஸ்பத்திரிக்கு ஆபத்துதான். கொடியில் காய்ந்த ராசம்மாவின் வெள்ளைச் சேலைகளில் ஒன்றை எடுத்து, நோயாளி அங்கம்மாவைக் கட்டச் சொன்னார். அங்கம்மாவுக்குக் காய்ச்சல் விட்டது முந்தின நாள்தான்.

"ஐயா, அவளுக்கு மறுபடி குளிர் வந்துடும்!"

"டொக்டர் போன பிறகு வரட்டும்."

பிறகு ராசம்மாவை ஏற இறங்கப் பார்த்தார். குழிவிழுந்த கண், கலைந்த தலை, சேலையெல்லாம் கஞ்சி.

"உம்மைக் கண்டா டொக்டர் பயந்துபோவார். மற்றச் சேலையைப் புஷ்பவள்ளி கட்டட்டும். நீர் கட்டிலில படும்."

அங்கம்மாவும் புஷ்பவள்ளியும் பங்கு போட்டுப் படுத்திருந்த கட்டிலில் ராசம்மா படுத்துப் போர்த்திக்கொண்டாள். முதுகு பலகையில் பட்டதும் டிரஸ்ஸர்மேல் இருந்த கோபம்கூடக் கொஞ்சம் குறைந்துவிட்டது.

டாக்டர் வந்தார். தோட்டந்தோட்டமாகச் சுற்றித் தமிழ் பேசப் பழகிய வெள்ளைக்காரர். பின்னால் அவருடைய பெட்டியைத் தூக்கிக்கொண்டு செல்லப்பன் வந்தான்.

"நர்ஸ், இந்தம்மாவுக்குக் காய்ச்சல் பாரு" என்று ராசம்மாவைக் காட்டி, அங்கம்மாவிடம் தெர்மாமீட்டரை நீட்டினார் டாக்டர்.

அங்கம்மா அதை வாங்கி, பழக்கதோஷத்தில் தன் வாயிலேயே வைத்துக்கொண்டாள். போதாக்குறைக்கு அவளுடைய கைகால் வேறு உதற ஆரம்பித்தது.

"உங்களைக் கண்ட மரியாதை, சேர்" என்றார் டிரஸ்ஸர்.

டாக்டர் புஷ்பவள்ளியிடம் திரும்பி, ராசம்மாவுக்குக் கொடுக்கச் சொல்லி, கசப்பான கொய்னா காய்ச்சல் மாத்திரை ஒன்றைக் கொடுத்தார். புஷ்பவள்ளி இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள், மாத்திரையை ஜன்னல் வழியே வீசினாள். பிறகு முழுங்கிவிட்டதாக டாக்டரிடம் வாயைத் திறந்து காட்டினாள். அந்த ஆஸ்பத்திரியில் நோயாளிகள் தினமும் செய்வது இதுதான்.

ராசம்மாவுக்குப் பொறுக்கவில்லை. போர்வையை உதறிவிட்டு எழுந்தாள்.

"அடிப்பாவி, தெனமும் இதத்தான் செய்றியா? அங்கம்மா, நீ மொதல்ல உக்காரு, விழுந்துடப் போற!"

தள்ளாடிய அங்கம்மாவைப் பிடித்து உட்காரவைத்து, தன் போர்வையையே சுற்றிவிட்டாள்.

"காய்ச்சல் வேகத்தில பிதற்றுறா, சேர்" என்று டிரஸ்ஸர் முனகினார்.

டாக்டர் ராசம்மாவின் கண்ணிமையை இழுத்துப் பார்த்தார். நாடி பிடித்தார்.

"இந்தம்மாதான் ரொம்ப மோசம். ரெண்டு வாரம் படுக்கணும். உன் ரெண்டு நர்ஸும் படுக்கணும். இவங்களப் பாத்துக்க நாளைக்கே வேற ரெண்டு நர்ஸ் போடு. அதுவரைக்கும் கஞ்சி வாளிய நீ தூக்கு."

டிரஸ்ஸர் வாளியைப் பார்த்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக அது எவ்வளவு பெரியது என்று அவருக்குத் தெரிந்தது.

ராசம்மா கட்டிலில் உட்கார்ந்தாள். பெட்டியை எடுக்கக் குனிந்த செல்லப்பனின் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"அண்ணே, நாந்தான் நர்ஸுன்னு டாக்டருக்குத் தெரிஞ்சா என் வேல போயிடுமா?"

"பேசாம படும்மா, அவருக்குத் தெரியும்" என்றான் செல்லப்பன். "இந்த மாசம் நாங்க போன எல்லாத் தோட்டத்துலயும் கட்டில்ல கெடந்தது நர்ஸுதான்."