லீவரில் மாட்டிய பை

கக்கூஸ் விஷயத்தில் நான் பெரிய நிபுணன் என்று ஒரு காலத்தில் நம்பிக்கொண்டிருந்தேன். உலகத்தில் வேறு யாருக்காவது இப்படி ஒரு கர்வம் இருந்திருக்குமா என்று தெரியாது. எனக்கு இருந்தது. அது ஒரே மத்தியானத்தில் ரேவா நதியோடு போனது.

ராணுவம் அரசாங்கத்தைக் கவிழ்த்த வருஷம் அது. ஃபிஜியில் அதற்குப் பெயர் ‘கூ’. (ஏதோ ரயில் ஊதின மாதிரி சொல்லுவோம். ஆனால் எங்கள் இந்திய ஜனத்தில் பாதிப் பேர் ஊரை விட்டுப் போனது என்னவோ விமானத்தில்.) நவுசோரியில் எங்கள் தெருவில் ஒவ்வொரு வீடாகப் பூட்டு விழுந்தது. பஸ் கராஜில் ஃபிட்டராக இருந்த அப்பாவும் வீட்டை விற்றார். ஆக்லாந்து விசா இதோ வருகிறது என்று யாரோ சொன்னதை நம்பி விற்றுவிட்டார். வீடு போனது, விசா வரவில்லை.

அப்போது கைகொடுத்தது ஒரு படகு. பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்த வெள்ளைக்காரர் ஒருவர், தன் ஊர்க் கால்வாய்களில் ஓடும் படகு போலவே ஒன்றைக் கட்டி, நவுசோரி கரையில் கட்டிவைத்துக் குடியிருந்தார். இன்ஜின் வேலையெல்லாம் அப்பாதான் செய்து கொடுத்தது. கூ நடந்ததும் அவர் ஊருக்குக் கிளம்பினார். “விற்கும்வரை நீங்கள் இருங்கள், சுவரில் ஆணி மட்டும் அடிக்காதீர்கள்” என்று சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார்.

ஒரு பஸ்ஸைப் பிடித்து இரண்டு பக்கமும் இழுத்த மாதிரி இருக்கும் அந்தப் படகு. அவ்வளவு நீளம், அவ்வளவு ஒடுக்கம். எதிரே ஆள் வந்தால் ஒருவர் பின்வாங்கி நடக்க வேண்டும். அம்மா உள்ளே நுழைந்தாள், அடுப்பைப் பார்த்தாள், அடுத்த கதவைத் திறந்தாள், உடனே மூடினாள்.

“ஏண்டா, சோறு வேகற எடத்துக்கும் கக்கூஸுக்கும் நடுவுல ஒரு பலகைதானா? இதுல சாமி படத்த எங்கடா வெக்கறது?”

சாமி படம் படகின் மறுகோடிக்குப் போனது. முதல் வாரம் அம்மா காலைக்கடனுக்குக் கரையேறி மார்க்கெட் பக்கம் இருந்த அத்தை வீட்டுக்கு நடந்தாள். மழை பிடித்துக்கொண்டதும் வைராக்கியம் கரைந்தது. (நவுசோரி மழையைப் பற்றித் தெரிந்தவர்கள் அம்மாவைக் குறை சொல்ல மாட்டார்கள்.)

கக்கூஸை இயக்கும் முறையை வெள்ளைக்காரர் எனக்குத்தான் கற்றுக்கொடுத்தார். போன பிறகு பக்கத்திலிருக்கும் பம்ப்பை அடிக்க வேண்டும். சுவரில் ஒரு லீவர். அது மேலே இருந்தால் எல்லாம் படகின் அடித்தொட்டிக்குள் போகும். கீழே இறங்கினால் நேராக ஆற்றுக்குள். தொட்டி எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று காட்ட ஒரு கண்ணாடிக் குழாயில் சிவப்பு மணி ஒன்று மிதக்கும். மணி உச்சிக்கு வந்தால் லாரிக்காரனுக்குச் சொல்லியனுப்ப வேண்டும். அவன் கரையில் நின்று குழாய் போட்டு உறிஞ்சிக்கொண்டு போவான்.

லீவர் மேலேயே இருக்க வேண்டும் என்பது எங்கள் குடும்பத்தின் மானப் பிரச்சினை. ஏனென்றால் ஆறு ஓடும் திசையில் படகுக்குக் கொஞ்சம் கீழே, எதிர்க்கரை ஃபிஜியர் கிராமத்துப் பெண்கள் ஆற்றில் முங்கிச் சிப்பி எடுப்பார்கள். அதை விற்றுத்தான் அவர்கள் வீட்டில் அடுப்பெரியும். படகுக்குக் குடிவந்த அன்றே அப்பா நங்கோனா வேர் வாங்கிக்கொண்டு அந்தக் கிராமத்துக்குப் போனார். இடித்துக் கரைத்துக் குடிக்கிற வேர் அது. ஃபிஜியர்களிடம் அனுமதி கேட்பதோ மன்னிப்புக் கேட்பதோ, வேரை முன்னால் வைத்து உட்கார்ந்துதான் கேட்க வேண்டும். “எங்க படகுல இருந்து ஒரு சொட்டு ஆத்துல விழாது” என்று அப்பா வாக்குக் கொடுத்தார். அவர்களும் சும்மா இருக்கவில்லை. ஊரில் இந்தியர் கடைகளை உடைத்துக்கொண்டிருந்த நாட்களில், அந்தக் கிராமத்துப் பையன்கள் வந்து எங்கள் படகுத்துறையில் கிதார் அடித்துக்கொண்டு காவல் இருந்தார்கள். ஒருவன்கூட எங்களைத் தொடவில்லை.

“போறப்ப நல்ல பேரோட போவணும்” என்று அப்பா தினமும் சொல்லுவார். வீடு போச்சு, வேலை போச்சு, அவரிடம் மிச்சம் இருந்தது அந்தப் பேர் ஒன்றுதான்.

ஒருவழியாக விசா வந்தது. கிளம்புவதற்கு முந்தைய சனிக்கிழமை சொந்தபந்தம் எல்லாம் வழியனுப்ப வந்தது. சுவா, பா, லம்பாசா என்று எங்கெங்கிருந்தோ வந்தார்கள். வந்தவர்கள் வெறுங்கையோடு வரவில்லை. ஆக்லாந்தில் மிளகாய் கிடைக்காது, புளி கிடைக்காது, மாங்காய் ஊறுகாயை அங்கே யாரும் கண்ணாலும் பார்த்ததில்லை என்று அவர்களுக்கு ஒரு எண்ணம். ஆளுக்கொரு பொட்டலம்.

“இதையெல்லாம் எங்கடா வெப்பேன்? நிக்கவே எடமில்ல. ஒரு ஆணியாச்சும் இருக்கா பாரு இந்தப் படகுல!” என்று அம்மா கத்தினாள்.

நிபுணன் அப்போதுதான் களத்தில் இறங்கினேன். அடுப்பங்கரையையும் கக்கூஸையும் பிரிக்கும் பலகையில், அடுப்பங்கரைப் பக்கமாக, பிடி வைத்த உறுதியான இரும்பு ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. “இதோ!” என்று பெரிய துணிப்பை ஒன்றை அதில் மாட்டினேன். “என் புள்ளைக்குத்தான் எவ்வளவு புத்தி” என்று அம்மா பூரித்துப்போனாள்.

ஆமாம். அதுதான் லீவர். எப்போதும் மேலேயே இருந்ததால் ஒருநாளும் தொடாமல், அது இருப்பதையே நிபுணன் மறந்துபோயிருந்தான்.

முதலில் பையில் இருந்தது கொஞ்சம் கறிவேப்பிலை. லீவர் அசையவில்லை. பிறகு புளி வந்தது. சித்தியின் ஊறுகாய் பாட்டில் வந்தது. லம்பாசா மாமா கொண்டுவந்த கருவாடு வந்தது. பை உப்ப உப்ப, லீவர் பைக்குப் பின்னால் யார் கண்ணிலும் படாமல் மெல்லத் தலைகுனிந்தது.

நானோ கக்கூஸ் வாசலில் நின்று ஒவ்வொரு விருந்தாளிக்கும் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். “நல்லா இழுத்து அடிங்க மாமா, கூச்சப்படாதீங்க!” புளிசாதம், பருப்பு, பாயசம் என்று அம்மா விட்ட பந்தியில் யாரும் கூச்சப்படவும் இல்லை. பம்ப் ஓயாமல் அடித்தது. ஆனால் அந்தச் சிவப்பு மணி காலையில் இருந்த இடத்தை விட்டு நகரவே இல்லை.

எனக்கு ஒரே பெருமிதம். மாமாவை இழுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். “பாத்தீங்களா? இத்தனை பேரு போயும் ஒரு இம்மி ஏறல. வெள்ளைக்காரன் தொட்டின்னா தொட்டி!”

“அடேயப்பா!” என்றார் மாமா. மரியாதை நிமித்தம் இன்னொரு முறை உள்ளே போய்விட்டு வந்தார்.

அப்போது வெளியே யாரோ என்னைக் கூப்பிடுவது கேட்டது. எட்டிப் பார்த்தேன். எதிர்க்கரை மெரே, கழுத்தளவு தண்ணீரில், சிப்பிக் கூடையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். எங்கள் தெருவில் விளையாடி வளர்ந்தவள், எங்களைவிட நன்றாக இந்தி பேசுவாள்.

“பாபு, உங்க வீட்ல இன்னிக்கு விருந்தா?”

“ஆமா மெரே! மேல வா, சாப்பிட்டுப் போ!”

“வேணாம் பாபு. நீங்க சாப்பிட்டது எல்லாம் இங்கயே வந்துக்கிட்டிருக்கு.”

ஐயோ! படகில் இருந்த அத்தனை பேரும் ஒரே பக்கம் எட்டிப் பார்க்க, படகு சாய்ந்தது. அப்பா உள்ளே ஓடினார். பையை எடுத்தார். லீவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றது.

“யாரு மாட்டுனது?”

“உன் புள்ளைதான்” என்றாள் அம்மா, மூச்சுவிடாமல். (சற்று முன்வரை நான் அவள் பிள்ளை.)

அப்பா என்னை அடிக்கவில்லை. அடித்திருக்கலாம். கண் கலங்கி, “பேரக் கெடுத்துட்டியேடா” என்று மட்டும் சொன்னார். இன்றைக்கும் அந்தக் குரல் என் காதில் இருக்கிறது. பிறகு வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, மார்க்கெட்டில் இருந்ததிலேயே பெரிய நங்கோனா வேரை வாங்கித் தோளில் சுமந்துகொண்டு எதிர்க்கரைக்குக் கிளம்பினார். நான் பின்னாலேயே போனேன். மாமாவும் வந்தார், தன் பங்கும் இதில் கணிசம் என்று.

கிராமத் தலைவர் முன்னால் பாயில் உட்கார்ந்தோம். அப்பாவுக்குத் தெரிந்த ஃபிஜி மொழி பஸ் கராஜில் பழகியது. அதில் சபையில் சொல்லக்கூடிய வார்த்தை அதிகம் இல்லை. அதனால் அங்கே எல்லோருக்கும் புரிகிற இந்தியிலேயே பேசினார். அம்மாவிடம்கூட ஒருநாளும் மன்னிப்புக் கேட்காத மனுஷன், வேரைத் தள்ளி வைத்துத் தலைகுனிந்து, “உங்க ஆத்துக்கு அசிங்கம் பண்ணிட்டோம். நீங்க எங்களக் காப்பாத்துனீங்க, நாங்க இப்படிப் பண்ணிட்டோம். மன்னிச்சிருங்க” என்றார்.

மெரே குளித்து வேறு உடை மாற்றி வந்து ஓரமாக உட்கார்ந்திருந்தாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

தலைவர் வேரைத் தொட்டு எடுத்துக்கொண்டார். சுற்றியிருந்தவர்கள் கையைக் குவித்துத் தட்டினார்கள். மன்னித்தாயிற்று என்று அர்த்தம். எழுந்துவிடலாம் என்று பார்த்தால், அவர் வீட்டுக்குள் போய்த் தன்னுடைய வேர் ஒன்றை எடுத்துவந்து அப்பாவின் முன்னால் வைத்து, அவரும் பாயில் உட்கார்ந்தார்.

“இந்த வருஷம் உங்க ஜனங்களுக்கு என்னென்னமோ நடந்துச்சு. யாரும் வந்து உங்க முன்னால ஒரு வேரை வெக்கல. நீ ஒரு கக்கூஸுக்காக வந்து உக்காந்திருக்க. இது எங்க கோரோவோடது, எங்க மொத்த கிராமத்தோடது. எடுத்துக்க.”

அப்பா வேரைத் தொட்டார். தொட்ட கையை எடுக்க முடியாமல் அழுதார். வீட்டை விற்றபோது அழாதவர். நானும் அழுதேன். மாமா ஏன் அழுதார் என்று தெரியவில்லை, சத்தமாக அழுதார்.

அப்புறம் இரண்டு வேரையும் இடித்துக் கரைத்து எல்லோரும் குடித்தோம். கெட்டுப்போன அந்த வாரச் சிப்பி வியாபாரத்துக்கு ஈடாக ஊறுகாய், கருவாடு, புளி அத்தனையும் மெரே வீட்டுக்குப் போனது. ஆக்லாந்தில் இறங்கியபோது எங்களிடம் காலி துணிப்பைதான் இருந்தது.

அன்றிலிருந்து ஒவ்வொரு தீபாவளிக்கும் மெரே போன் செய்வாள். எடுத்த எடுப்பில் கேட்கும் கேள்வி ஒன்றுதான். “லீவர் எங்க இருக்கு?” போனைப் பிடுங்கிக்கொண்டு அப்பா கத்துவார். “மேல! மேல!”

அப்பாவின் கடைசித் தீபாவளி ஆக்லாந்து ஆஸ்பத்திரியில் வந்தது. பேச்சு நின்றுவிட்டிருந்தது. மெரேயின் போனை அவர் காதில் வைத்தேன். அவள் கேட்டிருக்க வேண்டும். அப்பா மெதுவாகக் கையைத் தூக்கி, விரலால் மேலே காட்டினார். கட்டிலைச் சுற்றியிருந்த உறவெல்லாம், மனுஷன் தெய்வத்தைக் காட்டுகிறார் என்று விசும்பத் தொடங்கியது. நானும் அம்மாவும் மட்டும் அடக்க முடியாமல் சிரித்தோம். கல்மனசுக்காரர்களான எங்களை உறவு இன்னும் மன்னிக்கவில்லை.