ஏழு எலுமிச்சை மாலை

பூனைக்குட்டிகளின் ஆரோக்கியத்துக்காக மேடை, மைக், வாழ்த்துப்பா மூன்றையும் ஒருங்கே ஏற்பாடு செய்த முதல் நகராட்சி, மெக்சிகோ கடற்கரையிலுள்ள எங்கள் சான் இலாரியோதான். இதை எலோதியாவே மறுக்கமாட்டாள். சந்தையில் இறால் விற்கும் அவளுக்குக் கொண்டைக்கடலை என்றொரு பூனைக்குட்டி, அதுதான் உயிர். வாந்தி, பேதி என்று ஒரு தொற்றுநோய் ஊரிலுள்ள குட்டிகளை வாரிக்கொண்டு போக, அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த நேரத்தில்தான் பூனை நலக் குழுத் தலைவரும் மேயர் தேர்தல் வேட்பாளருமான எவரார்தோ "தடுப்பூசிப் பெருவிழா" அறிவித்தார். சால்வைக்குள் குட்டியைப் பொத்திக்கொண்டு எலோதியா ஓடினாள். அங்கே எல்லாக் குட்டிகளும் ஒரே கூடையில் கிடந்தன.

"ஏங்க தலைவரே, இது ஒட்டுவாரொட்டி நோயாச்சே! எல்லாத்தையும் ஒண்ணா போட்டிருக்கீங்க?"

"ஒத்துமைம்மா, ஒத்துமை! தனித்தனியா வச்சா போட்டோவுல கூட்டம் தெரியுமா?"

ஒவ்வொரு குட்டியின் கழுத்திலும் எலுமிச்சை மாலை. நோய் விரட்ட எங்கள் ஊரில் காலங்காலமாகப் போடுவதுதான். தலைவர் மட்டும் ஏழு பழம் கோத்திருந்தார்.

"நம்மூர்ப் பூனைக்கு ஏழு உயிரு. உயிருக்கு ஒரு பழம். கணக்கு சரியா?"

பாரம் தாங்காமல் ஒரு குட்டியும் தலை தூக்கவில்லை. "வணக்கம் சொல்லுதுங்க" என்றார் தலைவர் நெகிழ்ந்து.

"ஊசி மருந்து எங்க?" என்று எலோதியா ஃப்ரிட்ஜைத் திறந்தாள். உள்ளே வரிசையாக பீர்.

"விருந்தாளிக்கு பீரைச் சூடாவா குடுக்கறது? மருந்து ஜன்னல்ல பத்திரமா இருக்கு. நல்ல காத்தோட்டம்."

மருந்து நல்ல வெயிலில் ரசம் போலச் சுட்டது. கூடையிலிருந்த ஒரு குட்டி தலைவரின் ஷூவில் வாந்தி எடுத்தது. எலோதியா சால்வையை இறுக்கிக்கொண்டு பக்கத்து ஊர் மருத்துவரிடம் போகப் பஸ் ஏறினாள். கொண்டைக்கடலை பிழைத்தது.

பெருவிழா "மகத்தான வெற்றி" என்று சுவரொட்டி வந்த வாரத்தில், பக்கத்துக் கடை ரெமேதியோஸ் அங்கே ஊசி போட்டுவந்த தன் இரண்டு குட்டிகளையும் மீன்பெட்டியில் வைத்துப் புதைத்தாள். அன்றைக்கென்று தலைவர் ஓட்டுக் கேட்டு வந்தார்.

"அழாதம்மா ரெமேதியோஸ். ஏழு உயிருல ஒண்ணுதானே போச்சு? இன்னும் ஆறு இருக்கே!"

எலோதியா தராசைக் கீழே வைத்தாள். ரெமேதியோஸ் கடையில் கிடந்த எலுமிச்சை மாலையை எடுத்தாள். கேமராவைத் தேடித் தலைவர் கழுத்தை நீட்டினார். அவள் போட்டுவிட்டாள்.

"குட்டிங்களுக்கு வந்தது ஒட்டுவாரொட்டி, தலைவரே. அதுக்கு ஊசி இருந்துச்சு. உங்களுக்கு வந்திருக்கறது ஓட்டுவாரொட்டி. இந்த மாலைதான் மருந்து!"