ஆஷ்வெல் துரைக்குக் கொடுத்த மீசை

திண்ணனூர் நாடு, கொல்லிமலை
தாது வருடம், மாசி மாதம்

சேலத்தில் மிராசுதார் பங்களாவில் கார் ஓட்டும் உத்தியோகத்தில் இருக்கும் மச்சினன் சிரஞ்சீவி பழனிமுத்துவுக்கு, உன் அக்காள் ஆத்தாயியின் புருஷன் வெள்ளியங்கிரி எழுதிக்கொண்டது. அறப்பளீசுவரர் கிருபையால் இவ்விடம் யாவரும் சௌக்கியம் என்று எழுதித்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டுமாம். அதனால் எழுதிவிட்டேன், நீ அதை நம்பாதே. உன் அக்காள் என்னோடு பேசுவதில்லை. மகள் பழனாயி சாப்பிடுவதில்லை. எனக்கு முகத்தில் மீசை இல்லை. இந்த மூன்றுக்கும் காரணமான நீ அங்கே சுகமாக இருப்பாய் என்று எண்ணுகிறேன்.

பழனாயி கல்யாணத்துக்குத் தாய்மாமன் சீராக என்ன வேண்டும் என்று போன ஐப்பசியில் கேட்டு அனுப்பினாய். உன் அக்காள் ஒரு கறவை மாடு போதும் என்றாள். மாட்டோடு ஒரு பித்தளை அண்டாவும் இருந்தால் நன்றாக இருக்கும் என்று நான் சேர்த்துச் சொன்னேன். அந்த அண்டா ஆசைதான் குடியைக் கெடுத்தது என்று அவள் இப்போது சுவரைப் பார்த்துச் சொல்லுகிறாள். நீ மாடும் அனுப்பவில்லை, அண்டாவும் அனுப்பவில்லை. மிராசுதார் புதுக் கார் வாங்கிக்கொண்டு, ஓடாமல் நின்றுபோன பழைய காரை உனக்கு இனாமாகக் கொடுத்தாராம். நீ அதில் இரண்டு காளைகளைப் பூட்டி இழுக்க வைத்து, மலையடிவாரத்தில் காரவள்ளியில் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, 'மாமா, இது சீமையில் பிரபுக்கள் மட்டும் ஏறுகிற ஆஷ்வெல் கார், என்ஜின் சத்தமே கேட்காது' என்று எழுதி அனுப்பினாய். சத்தம் கேட்கவில்லை என்பது உண்மைதான். காரவள்ளியிலும் கேட்கவில்லை, இங்கேயும் கேட்கவில்லை.

நம் மலைக்கு ரோடு கிடையாது என்பது இங்கேயே பிறந்து இங்கேயே கால் முள் பிடுங்கி வளர்ந்த உனக்கு எப்படி மறந்தது என்று யோசித்து யோசித்து எனக்குத் தலைவலி வந்துவிட்டது. தாய்மாமன் சீரை வேண்டாம் என்று திருப்பினால் கல்யாணமே கிடையாது, அது உனக்கும் தெரியும். ஆகவே ஊர் ஆண்பிள்ளைகள் எல்லாரும் மூங்கில் வெட்டிக் கட்டி, சாமி சப்பரத்தைத் தூக்குவது போல அதைத் தூக்கினார்கள். சத்தம் போடாத என்ஜினை எதற்குச் சுமப்பது என்று கழற்றி, அடிவாரத்து அருணாசலக் கவுண்டர் தோட்டத்தில் போட்டுவிட்டு வந்தோம். அவர் இப்போது அதில் எருமையைக் கட்டுகிறாராம். என்ஜின் போயும் பாரம் குறையவில்லை. பாதி மலை ஏறியதும் முன்மூங்கிலைப் பிடித்திருந்த ராசு, "ஏனுங்க மாமா, இதுக்குள்ள இன்னும் ஆராச்சும் இருக்காங்களா" என்று கேட்டான். பட்டுத் திரையை விலக்கிப் பார்த்தால், நம் திண்ணனூர் நாட்டுப் பெரியவர் குழந்தைசாமி மெத்தையில் சாய்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருக்கிறார். "வண்டின்னு ஒண்ணு வந்தா ஏறி உக்காரத்தானுங்க" என்றார். நாட்டுப் பெரியவரை இறங்கச் சொல்ல யாருக்கு வாய் வரும். அப்படியே தூக்கிக்கொண்டு வந்தோம்.

வண்டியைச் சாமை அடிக்கிற களத்தில் வைத்தோம். உள்ளதைச் சொல்ல வேண்டும், அழகாகத்தான் இருந்தது. பூச்செருகக் கண்ணாடிக் குடுவை, முகம் பார்க்கக் கண்ணாடி, குழந்தையின் கன்னம் போல மெத்தை. பழனாயி தினமும் அதற்குள் போய் உட்கார்ந்து கண்ணாடியில் பார்த்துச் சிரித்துக்கொள்வாள். அவள் சாதாரணமாகச் சிரிக்கிறவள் இல்லை. குண்டனி நாட்டுச் சென்றாயன் மகனுக்கு என்று பேச்சு எடுத்த நாளில் இருந்துதான் அந்தச் சிரிப்பு வந்தது. பையன் நல்ல பையன், மிளகு மூட்டையோடு மலை ஏறினாலும் வழியில் கண்ட பெரியவர்களுக்கு நின்று பதில் சொல்லுகிறவன். அந்தச் சிரிப்புக்காகத்தான் நான் இத்தனையும் பட்டேன் என்று எழுதி வைக்கிறேன், பின்னால் யாரும் என்னைக் காருக்கு ஆசைப்பட்டவன் என்று சொல்லக்கூடாது.

சீர் பார்க்கிற நாளும் வந்தது. வைக்கிற ஒவ்வொரு பொருளும் எந்த வீட்டில் பிறந்தது, யார் கை பட்டு வந்தது என்று சபையில் சொல்ல வேண்டும் அல்லவா. அதற்காகத்தானே நீயும் கார் செய்த கம்பெனியின் சரித்திரத்தை எழுதி, 'மாமா, சத்தமாகப் படியுங்கள், சம்பந்தி வீட்டார் அசந்துபோவார்கள்' என்று சொல்லியிருந்தாய். படித்தேன், பழனிமுத்து. தொண்டை கமறக் கமறப் படித்தேன். ஆஷ்வெல் துரை முதலில் சீமையில் குழந்தைகளை வைத்துத் தள்ளுகிற வண்டி செய்தார் என்று படித்தேன். அந்த வண்டியில் போட்ட பிள்ளை அழுததே இல்லை என்று படித்தேன். ஒரு சீமாட்டி, என் பிள்ளைக்குக் கிடைத்த சுகம் எனக்குக் கிடையாதா என்று கேட்க, அவளுக்காகப் பெரியதாக ஒரு வண்டி செய்து அதில் என்ஜின் வைத்தார், அதுதான் முதல் ஆஷ்வெல் கார் என்று படித்தேன். சம்பந்தி சென்றாயன் தொடையைத் தட்டி, "அப்படிச் சொல்லுங்க" என்றார். அவருக்குப் போட்டியாகக் கிராண்டல் துரை என்று ஒருவர் கார் செய்தார், இருவரும் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிப்பதில்லை என்று படித்தேன். பங்காளிச் சண்டை சீமையிலும் உண்டா என்று எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள். அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். என் கெட்ட வேளை, கடைசி வரியையும் படித்தேன். ஆஷ்வெல் துரை பிள்ளையில்லாமல் இறந்துபோனார், வாரிசு இல்லாததால் கம்பெனி கிராண்டல் துரை கைக்குப் போயிற்று என்று.

குழந்தைசாமி வெற்றிலையைத் துப்பிவிட்டு மெதுவாகக் கேட்டார்.

"ஏனுங்க, அப்ப அந்தத் துரைக்குக் கருமாதி பண்ணுனது ஆருங்க?"

"தெரியலீங்க" என்றேன்.

"வாரிசத்த ஊட்டுப் பொருளு, ஊட்டுக்காரனுக்குக் கருமாதி ஆவாம மணவறைக்கு முன்னால வரலாமுங்களா? நம்ம நாட்டுல எங்கியாச்சும் வந்திருக்குதுங்களா?"

சென்றாயன் எழுந்து துண்டை உதறினார். "பொண்ணு தங்கமான பொண்ணுங்க. உங்க மேலயும் ஒரு கொறையும் இல்லீங்க. ஆனா அந்தத் துரை அந்தரத்துல நிக்கறாருங்களே" என்றார். வண்டியை ஏற்கவும் முடியாது, உன்னிடம் திருப்பவும் முடியாது. நான் களத்தின் நடுவில் உன் சரித்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, திருடிப் பிடிபட்டவனைப் போல நின்றேன்.

வழியையும் குழந்தைசாமிதான் சொன்னார். சீரை வாங்கிக்கொள்கிறவன் துரைக்குப் பிள்ளையாக நின்று செய்ய வேண்டியதைச் செய்துவிட்டால் தோஷம் தீர்ந்தது என்றார். சபை மொத்தமும் என்னைப் பார்த்தது. எதிர்த்துப் பேசலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் உன் அக்காள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஊர்ப் புள்ளைங்களுக்கெல்லாம் வண்டி செஞ்சு குடுத்த மகராசன். அவருக்கு ஒரு புள்ளை இல்லாமப் போச்சுங்களே. நீங்க செய்யுங்க" என்றாள். அவள் அழுகை நிஜமான அழுகை. வண்டி தள்ளுகிற கையெல்லாம் தன் பிள்ளையைத் தள்ள, செய்தவன் வீட்டில் மட்டும் வண்டி சும்மா நின்றிருக்கும் அல்லவா. சரி என்று சொல்லிவிட்டேன்.

ஐயாற்றங்கரையில் உட்கார வைத்து எனக்குத் தலையை மழித்தார்கள். மீசைக்கு வந்தபோது கத்தி பிடித்தவரே கொஞ்சம் தயங்கினார். இளவட்டக் காலத்தில் இருந்து விளக்கெண்ணெய் போட்டு வளர்த்த மீசை அது. உன் அக்காளைப் பெண் கேட்க வந்தபோது உன் அப்பா அதைப் பார்த்துத்தான் சம்மதித்தார் என்பது உனக்குத் தெரியும். அது ஆற்றோடு போவதைக் கண்ணால் பார்த்தேன். பூசாரி இறந்தவருடைய தகப்பன் பேர், பாட்டன் பேர் கேட்டார். ஆஷ்வெல் மகன் ஆஷ்வெல், அவர் மகன் ஆஷ்வெல் என்று சொல்லிவைத்தேன். துரைமார் சோறு உண்பார்களா என்று உன் அக்காளுக்கு ஒரே கவலை. சாமைச் சோறு, மரவள்ளிக் கிழங்கு, பலாச்சுளை, மலைத்தேன் என்று இலை நிறைய வைத்தாள். காக்கை வரவில்லை. உச்சி வெயில் மொட்டைத் தலையில் இறங்க, "அப்பா, அப்பா" என்று நான் சீமைத் துரையைக் கூவிக் கூப்பிட, ஊரே பின்னால் நின்று பார்த்தது. கடைசியில் ஒரு காக்கை வந்து கிழங்கை மட்டும் எடுத்துக்கொண்டு போயிற்று. துரைக்குக் கிழங்கு பிடித்திருக்கிறது என்று எல்லாரும் திருப்தியோடு வீட்டுக்குப் போனார்கள். அன்றைக்கு ஒரு ராத்திரிதான் நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

மறுநாள், வருகிற பங்குனிக்கு முகூர்த்தம் குறிக்க உட்கார்ந்தோம். அதே குழந்தைசாமி, அதே வெற்றிலை. "ஏனுங்க வெள்ளியங்கிரி, நீங்க இப்ப துரைக்கு மகனாச்சுங்களே. அப்பன் செத்த ஊட்டுல வருசம் திரும்பாம கல்யாணமுங்களா?" என்றார். யோசனை சொன்னவரே நீங்கள்தானே என்றேன். "தோசத்துக்கு வழி சொன்னேனுங்க. துக்கத்துக்கு நான் என்ன பண்றதுங்க" என்றார். அவரை ஒன்றும் செய்ய முடியாது, நாட்டுப் பெரியவர். சென்றாயன் ரொம்ப மனம் வருந்தினார். ஆனால் ஒரு வருஷம் பொறுக்க அவர் வீட்டில் தோதில்லை, எடப்புளி நாட்டில் இருந்தும் பையனைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்களாம். யோசித்துச் சொல்லி அனுப்புகிறேன் என்று போனவர் போனவர்தான்.

இப்போது பழனாயி அந்தக் காருக்குள் போய்த் திரையை இழுத்து விட்டுக்கொண்டு உட்கார்ந்தே இருக்கிறாள். பக்கத்து மெத்தையில் கோழி முட்டையிட்டு அடைகாக்கிறது, அதையும் விரட்டுவதில்லை. கஞ்சி கொண்டுபோய், "சாப்பிடு கண்ணு, அப்பன் மேல கோவமா, அந்தத் துரை மேலயா" என்று கேட்டேன். "துரை பாவமுங்கப்பா. அவரு என்ன பண்ணுவாரு" என்றாள். என் மீது என்று சொல்லியிருந்தால் கூட மனசு ஆறியிருக்கும். பெற்ற மகளின் கல்யாணத்தை, கண்ணால் காணாத ஒருவனுக்குப் பிள்ளையாகப் போய்க் கெடுத்த தகப்பன் இந்த மலையில் நான் ஒருவன்தான் இருப்பேன்.

ஆகையால் பழனிமுத்து, இதைக் கண்டதும் ஆள் கூட்டிக்கொண்டு வந்து உன் காரை எடுத்துக்கொண்டு போய்விடு. கோழி குஞ்சு பொரிக்கும் வரைக்கும் வேண்டுமானால் பொறுக்கிறேன். அதன் பிறகு எனக்கும் உனக்கும் பேச்சு இல்லை, போக்குவரத்து இல்லை, நல்லது கெட்டதுக்குச் சொல்லி அனுப்பவும் வேண்டாம். மாமா என்று என்னைக் கூப்பிடாதே. இனி யாருக்காவது சீர் செய்ய நினைத்தால் சரித்திரம் இல்லாத பொருளாகப் பார்த்துச் செய். மாட்டுக்குச் சரித்திரம் கிடையாது, கேட்டால் பால்தான் கொடுக்கும்.

எட்டுக்கை அம்மன் உனக்கு நீண்ட ஆயுளையும் கொஞ்சமாவது புத்தியையும் கொடுக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு, இந்த வீட்டுப் பெரியவர்கள் செய்கிற ஆசீர்வாதத்தை மனசில்லாமல் செய்து முடிக்கிறேன்.

இப்படிக்கு,
வெள்ளியங்கிரி

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப் போகிற நேரத்தில், அடிவாரத்துச் சந்தைக்குப் போன ராசு உன்னுடைய இன்னொரு கடிதத்தைக் கொண்டுவந்தான். 'மாமா, முன்பு எழுதியதில் துரைமார் பேர் இரண்டும் மாறிவிட்டது, பிள்ளையில்லாமல் இறந்தவர் கிராண்டல் துரை, அவர் கம்பெனிதான் ஆஷ்வெல் துரை கைக்கு வந்தது, ஆஷ்வெல் துரை வயசான காலத்திலும் கல்லுப் போல இருக்கிறார், அந்தத் தள்ளுவண்டியே வதவதவென்று பிறந்த தன் சொந்தப் பிள்ளைகளுக்காகச் செய்ததுதான்' என்று சாவகாசமாக எழுதியிருக்கிறாய். நான் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் மேல் உதட்டைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். குழந்தைசாமியிடம் ஓடினோம். "உசுரோட இருக்கறவருக்குச் செஞ்சது கணக்குல வராதுங்க. துக்கமும் இல்லை, ஒண்ணும் இல்லை" என்று சொல்லிவிட்டார். சென்றாயன் சம்பந்தி சேதி கேட்டு அன்றைக்கே வந்து, பங்குனியில் முகூர்த்தத்தைக் குறித்துவிட்டு, தன் மகன் அந்தக் காரில்தான் ஊர்வலம் வரவேண்டும் என்கிறார். தூக்க ஆள் சொல்லியாயிற்று. பழனாயி இரண்டு முறை கஞ்சி வாங்கிக் குடித்தாள். ஆகையால் மேலே உள்ள திட்டை எல்லாம் விட்டுவிட்டுப் படித்துக்கொள், முடிந்தால் அந்த அண்டாவையும் கொண்டு வா.

ஒன்று மட்டும் பாக்கி. கிராண்டல் துரை நிஜமாகவே பிள்ளையில்லாமல் போனவர், அவரை அப்படியே அந்தரத்தில் விட்டுவிட உன் அக்காளுக்கு மனம் வரவில்லை. போன தடவை போலவே இலையில் கிழங்கு வைக்கப் போகிறாளாம். கல்யாணம் முடிந்த மறுநாள் ஐயாற்றங்கரையில் அவருக்குப் பிள்ளையாக நீ உட்காருவாய் என்று சொல்லியாயிற்று. நீ வேறு வீட்டுக்காரன் என்பதால் எங்களுக்குத் துக்கம் ஒட்டாது, உன் கல்யாணப் பேச்சை மட்டும் ஒரு வருஷம் தள்ளிவைக்க வேண்டியிருக்கும். வரும்போது மீசையை எடுக்காமல் வா.