வெள்ளையனின் அப்பா பட்டாளத்தில் இருக்கிறார்

எனக்கு இங்கிலீஷ் தெரியாது. தெரியாது என்று ஒரு குழந்தையிடம் ஒத்துக்கொள்ளும் தைரியமும் கிடையாது. இரண்டில் ஏதாவது ஒன்று இருந்திருந்தால், ராஜபாளையத்தில் ஒரு தியேட்டர் முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்திருக்காது.

அப்போது நான் பாலிடெக்னிக் முடித்துவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூரில் அக்கா வீட்டில் இருந்தேன். (வேலை தேடிக்கொண்டிருந்தேன் என்று எழுதத்தான் ஆசை. அக்கா இதைப் படிப்பாள் என்பதால் விட்டுவிடுகிறேன்.) அத்தான் பட்டாளத்தில். வருஷத்தில் பத்து மாசம் வடக்கே எங்கோ பனியில் நிற்பார். வீட்டில் அக்கா, அவள் மகள் கயல்விழி, நான், அப்புறம் கவர்மெண்ட் கொடுத்த இலவச லேப்டாப். அதில் ஒரு சிநேகிதன் பென்டிரைவில் ஏற்றிக் கொடுத்த கார்ட்டூன் படம் ஒன்று இருந்தது.

மேகத்துக்கு மேலே ஒரு மலை நாடு. அங்கே சிறகு முளைத்த ஆடுகள். அதில் ஒரு குட்டிதான் ஹீரோ. படம் முழுக்க இங்கிலீஷ். கயலுக்கு அப்போது ஐந்து வயசு. "என்ன சொல்லுதான் மாமா?" என்று நிமிஷத்துக்கு ஒரு தரம் கேட்டாள். எனக்கும் புரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லுவேனா? நானே டப்பிங் பேச ஆரம்பித்தேன். குட்டிக்கு வெள்ளையன் என்று பேர் வைத்தேன். வில்லன் கழுகு வந்தால், "ஏலே, ஷிப்டுக்கு ஏம்லே லேட்டு?" என்று என்னை வேலைக்கு எடுக்காத மில் மேனேஜர் குரலில் உறுமுவேன். கயல் விழுந்து விழுந்து சிரிப்பாள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

கடைசியில்தான் வில்லங்கம். புயலில் பாலம் அறுந்து, குட்டியைக் காப்பாற்றிவிட்டு அப்பா கிடா சிறகொடிந்து மேகத்துக்குள் விழுந்துவிடும். எல்லா ஆடுகளும் தலையைத் தொங்கப்போட்டு அழும். இங்கிலீஷ் தெரியாதவனுக்கும் புரியும், கிடா செத்துப்போச்சு. கயலுக்கு உதடு பிதுங்கியது.

"வெள்ளையனோட அப்பா எங்க மாமா?"

எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒருத்தர் பட்டாளத்தில். ஒரு அப்பா கண்ணில் படவில்லை என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். யோசிக்காமல் வாயில் வந்துவிட்டது.

"லீவு முடிஞ்சிருச்சு. பட்டாளத்துக்குப் போறாரு."

"அதுக்கு ஏன் எல்லாரும் அழுதாவ?"

"உங்கப்பாவ ரயில் ஏத்திவிடும்போது உங்கம்மா அழல?"

அவளுக்கு அது நியாயமாகப் பட்டது. "அப்போ எப்ப வருவாரு?" என்றாள்.

"ரெண்டாவது பார்ட்டுல."

ரெண்டாவது பார்ட் ஒன்று வரப்போகிறது என்று நான் என்ன கனவா கண்டேன்! வந்து தொலைத்தது. அதற்குள் இரண்டு வருஷம் ஓடி, அத்தானுக்கு அந்தப் பொங்கலுக்கும் லீவு கிடைக்காமல் போயிருந்தது. கயல் அழவில்லை. "வெள்ளையன் அப்பாவுந்தான் இன்னும் வரல. அவரு வந்தா எங்கப்பாவும் வருவாரு" என்று தனக்குத்தானே ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தாள். அந்தக் கணக்கு எனக்குப் படம் பார்க்கப் போகிற அன்றைக்குத்தான் தெரியும். வேனில் போகும்போது, கூட வந்த ஐந்து சிநேகிதிகளுக்கு அவள் அதை விளக்கிச் சொன்னாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

இருந்தாலும் ஒரு நப்பாசை. நம்ம ஊர்ப் படங்களில் செத்துப்போனவர் இரட்டைப் பிறவியாக வருவதில்லையா? அடிபட்டு, நினைவு தப்பி, ஏதாவது ஆதிவாசிக் கூட்டத்தில் வாழ்வதில்லையா? இவ்வளவு பணம் போட்டு எடுக்கிறவனுக்கு அந்த அறிவு இருக்காதா என்று நம்பி உள்ளே போனேன்.

ஞாயிற்றுக்கிழமை மேட்னி. இந்தத் தடவை தமிழிலேயே பேசினார்கள். வெள்ளையனுக்கு நிம்போ என்று பேர். மெட்ராஸ் பாஷையில், "இன்னாபா" என்றது. கயல் என்னைப் பார்த்தாள். "பெரியவனானதும் மெட்ராஸுக்குப் படிக்கப் போயிட்டான்" என்றேன். (கூசாமல் சொன்னேன்.)

படத்தைக் குறை மட்டும் சொன்னால் பாவம். மேகமும் பனியும் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருந்தது. ஆனால் முதல் பாதி இழுவை. தேவையில்லாமல் ஒரு அணில் வந்து கடி ஜோக்காகச் சொன்னது. கழுகு எதற்குத் திருந்தியது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அதையெல்லாம் ரசிக்கிற நிலைமையிலா நான் இருந்தேன்? திரையில் எங்கேயாவது ஒரு கொம்பு தெரிந்தால் போதும், கயல் சீட்டில் ஏறி நின்று, "வந்துட்டாரு! வந்துட்டாரு!" என்று கை தட்டினாள். ஐந்து பிள்ளைகளும் சேர்ந்து தட்டின. முதலில் வந்தது பால்காரக் கிடா. பிறகு ஒரு வாத்தியார் கிடா. மூன்றாவதாக வந்தது கிடாவே இல்லை, காய்ந்த மரம்.

இடைவேளை முடிந்து அந்தக் காட்சி வந்தது. நிம்போவை அதன் அம்மா மலை உச்சிக்குக் கூட்டிப்போகிறது. அங்கே அடுக்கி வைத்த கல், அதன்மேல் பூ. அம்மா ஆடு நிதானமாக, தெளிவான தமிழில் சொன்னது: "அப்பா செத்துப்போயிட்டாரு கண்ணா. இனிமே வரமாட்டாரு. அத உங்கிட்ட மறைக்கக் கூடாது."

தியேட்டரில் அங்கங்கே மூக்கு உறிஞ்சுகிற சத்தம். அப்போது நான் செய்தது இருக்கிறதே! எழுந்து நின்று, இரண்டு வருஷப் பழக்கதோஷத்தில், திரையைவிடச் சத்தமாக டப்பிங் பேசினேன்.

"பொய் சொல்லுதா கயலு! அது வேற ஆட்டோட கல்லு! அவரு காஷ்மீர்ல இருக்காரு! ஆர்டர் வந்திருச்சு, லீவுல வாராரு!"

தியேட்டரே குலுங்கிச் சிரித்தது. படத்தில் அம்மா ஆடு அழுகிறது, இங்கே விசில் பறக்கிறது. பின்வரிசையில் ஒரு அம்மாள், "எம்புள்ள தேம்பித் தேம்பி அழுதுக்கிட்டிருக்கா, நீரு என்னய்யா கோட்டி பிடிச்ச மாதிரி கத்துதீரு?" என்றாள். டார்ச் அடித்துக்கொண்டு தியேட்டர்க்காரர் வந்தார். "வெளிய வாங்க தம்பி" என்றார். அந்த வெளிச்சத்தில் கயல் முகம் தெரிந்தது. அவள் அழவில்லை. என்னையே பார்த்தாள்.

"அப்போ எங்கப்பா?"

"வருவாருடா. சித்திரைல கட்டாயம் வருவாரு."

"அதயும் நீதான சொன்ன."

வேன் வாசலில் நின்றதும் பிள்ளைகள் நடந்ததை அக்காவிடம் ஒப்பித்துவிட்டார்கள். கயல் அந்தப் பக்கம் போனதும் அக்கா சொன்னாள்: "ஏலே, அவிய வருவாவன்னு நானும் அவகிட்ட எம்புட்டு நாளு சொல்லியிருப்பேன். இனி நான் சொன்னாலும் நம்பமாட்டாளே." அவள் திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. அந்தப் படத்துக்குக் கதை எழுதினவன் யாரோ, ஊர்ப்பட்ட பிள்ளைகளுக்கு ஒரு சாவை நேராகச் சொல்லத் துணிந்திருந்தான். நான் ஒரே ஒரு பிள்ளைக்குச் சொல்லப் பயந்து, உயிரோடு இருக்கிற அவள் அப்பாவையும் சந்தேகப்பட வைத்துவிட்டேன்.

அத்தான் இருந்த இடத்தில் டவர் கிடையாது. கீழே இறங்கி வந்தால்தான் போன். மூன்று நாள் கயல் பள்ளிக்கூடம் போகவில்லை. அக்காவின் செல்போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் முறுக்கு வாங்கிக் கொடுத்தேன், தொடவில்லை. புதன்கிழமை காலையில் வீடியோவில் அத்தான் வந்தார். தாடியும் குல்லாயுமாக, பாதி முகம்தான் தெரிந்தது.

"அப்பா, நீ நெசமாவே இருக்கியா?"

அவர் சிரித்தார். அவள் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"இருக்கேம்மா."

"இது பழைய வீடியோ இல்லேல்ல? மூக்கத் தொடு."

அவர் தொட்டார். அதே நேரம் நெட்வொர்க் போய், மூக்கில் விரலோடு அப்படியே உறைந்து நின்றார். கயல் அந்தப் படத்தை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு போய்ச் சாப்பிட்டாள். நான் கொல்லைப்புறம் போய் அழுதேன். (இது வீட்டில் யாருக்கும் தெரியாது. இனிமேல் தெரியும்.)

சித்திரையில் அத்தானுக்கு லீவு கிடைக்கவில்லை. ஆவணியில்தான் வந்தார்.

கயல் இப்போது மதுரையில் காலேஜ் படிக்கிறாள். அத்தான் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்து நாலு வருஷம் ஆகிறது. இன்னமும் எங்கள் வீட்டில் யாராவது, "போயிட்டு வாரேன்" என்றால், தயிர் வாங்கப் போகிற ஆளாக இருந்தாலும் சரி, "மூக்கத் தொடு" என்பாள். தொட்டுக் காட்டிவிட்டுத்தான் செருப்பை மாட்ட முடியும். என் கல்யாணத்தன்று முகூர்த்தம் முடிந்ததும் என் மனைவியையும் மூக்கைத் தொட வைத்தாள். சம்பந்தி வீட்டார் ஏதோ குலவழக்கம் என்று நினைத்து அவர்களும் தொட்டார்கள். அத்தான் மட்டும் சிரிக்காமல் தொடுவார்.

என்னிடம் அவள் கேட்பதே இல்லை. போன வாரம் அவளை மதுரை பஸ் ஏற்றிவிடப் போனேன். அக்காவும் அத்தானும் இருந்தார்கள். "சனிக்கிழமை நானே வந்து கூட்டிட்டு வாரேன்" என்று சொல்லி, கேட்காமலேயே மூக்கைத் தொட்டுக் காட்டினேன்.

"கைய எடு மாமா. உனக்கு அது செல்லாது" என்றாள்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சனிக்கிழமை, அவள் சொன்ன நேரத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னாலேயே போய் ஹாஸ்டல் வாசலில் நின்றேன்.