பத்து விநாடி நிற்க வேண்டும்

பெரிய சர்வர் கம்ப்யூட்டரின் பிளக்கைப் பிடுங்கியாகிவிட்டது. ஆனால் எதுவும் நிற்கவில்லை. அதுதான் சர்வர்காரருக்கு வந்த முதல் சிக்கல்.

"நின்னிருக்கணுமே..." என்று முணுமுணுத்தார்.

"நிக்கலைன்னா நல்லதுதானேப்பா?" என்றார் முதலாளி.

அந்தப் பார்சல் கம்பெனியில் சர்வர்காரர் சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகிறது. இன்றைய ஒத்திகை சரியாக வந்தால் வேலை நிரந்தரம். சொதப்பினால் மூட்டை கட்ட வேண்டியதுதான். ஒரு வாரம் மாய்ந்து மாய்ந்து, பெரிய சர்வருக்குத் துணையாகச் சின்ன சர்வர் ஒன்றை நிறுத்தியிருந்தார்.

விஷயம் எளிது. பெரியது விநாடிக்கு ஒரு முறை 'இருக்கேன், இருக்கேன்' என்று சின்னதிடம் குரல் கொடுத்துக்கொண்டே இருக்கும். பத்து முறை குரல் வராவிட்டால், 'ஆள் அவுட்' என்று சின்னது முடிவுகட்டி, பெரியதன் முகவரியைத் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டு அதன் நாற்காலியில் உட்கார்ந்துவிடும். அந்தப் பத்து விநாடி மட்டும் கவுண்டரில் எல்லாம் அப்படியே உறைந்து நிற்க வேண்டும்.

ஆனால் கண்ணாடிச் சுவருக்கு அப்பால் லேபிள் பிரிண்டர் 'கர்ர், கர்ர்' என்று துப்பிக்கொண்டே இருந்தது. கவுண்டர் அக்கா ஒரு பெட்டியை எடைபோட்டு, லேபிள் ஒட்டி, அடுத்தவரையும் கூப்பிட்டுவிட்டார்.

"பத்து செகண்டுன்னு சொன்னியே. ஒரு செகண்டுகூட ஆகலையே!"

"கொறச்சிட்டேன் சார்." வாய் முந்திக்கொண்டது.

சின்ன சர்வரின் திரையை ஓரக்கண்ணால் பார்த்தார். 'பொறுப்பேற்றுவிட்டேன்' என்றது. அதற்குக் கீழே, 'இணைந்திருப்பவர்கள்: பூஜ்யம்.'

அவசர அவசரமாகப் பெரியதன் பிளக்கை மறுபடி மாட்டினார். மாட்டிய வேகத்தில் இரண்டு சர்வருக்கும் நடுவே ஓடிய கேபிள் முழங்கையில் பட்டுக் கழன்றதை அவர் கவனிக்கவில்லை. பேச்சுவார்த்தை அற்றுப்போனதும் இரண்டு திரையிலும் ஒரே வரி வந்தது: 'நான்தான் தலை.'

"இதுல யாருப்பா பெரியவர்?"

"இப்போதைக்கு... ரெண்டு பேருமே சார்."

"ஒரே வீட்டுல ரெண்டு மாப்பிள்ளையா? முறுக்கிக்குவாங்களே!"

"அதான் சார் ஆபத்து. ஒரே பார்சலுக்கு ஆளுக்கொரு நம்பர் போட்டுடுவாங்க. ரெண்டையும் அணைச்சிட்டு ஒண்ணொண்ணா எழுப்பணும். ரெண்டு நிமிஷம் மொத்த கம்பெனியும் நிக்கும்."

கதவைத் திறந்து, "எல்லாரும் கையை எடுங்க! சிஸ்டம் நிக்கப் போகுது!" என்று கத்தினார். பிறகு இரண்டையும் அணைத்தார்.

விசிறிகள் ஓய்ந்தன. அறையில் அப்படியொரு அமைதி. அந்த அமைதிக்குள் தெளிவாகக் கேட்டது:

கர்ர். கர்ர்.

முதலாளி இரண்டு பெட்டிகளையும் குனிந்து பார்த்தார். "ரெண்டும் அணைஞ்சிருக்கு."

"ஆமா சார்."

"பார்சல் போயிட்டிருக்கு."

"ஆமா... சார்."

"எப்படிப்பா?"

சர்வர்காரர் தொண்டையைச் செருமினார். இவ்வளவு தூரம் வந்தாகிவிட்டது, இனிப் பின்வாங்குவதாவது! நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். "அதுதான் சார் மூணாவது அடுக்கு."

"மூணாவதா? நான் ரெண்டுதானே கேட்டேன்!"

"கேட்டதுக்கு மேல ஒண்ணு செய்யறது நம்ம பழக்கம் சார்."

முதலாளி அவரைக் கட்டிக்கொள்ளாத குறை. "இனிமே நீ நம்ம ஆளு. நிரந்தரம்! கடிதம் சாயங்காலமே கைக்கு வந்துடும்" என்று முதுகில் ஓங்கி ஒரு தட்டு தட்டிவிட்டுப் போனார்.

சர்வர்காரர் சுவரில் சாய்ந்து, அணைந்து கிடந்த இரண்டு பெட்டிகளையும் மாறி மாறி வெறித்தார். கவுண்டர் அக்கா கதவோரம் எட்டிப் பார்த்தார்.

"தம்பி, போன வருஷம் இந்தப் பெரிய பெட்டி படுத்துக்கிச்சுன்னு எங்க வீட்டுக்காரர் எல்லாத்தையும் என் பழைய லேப்டாப்புக்கு மாத்திக் கொடுத்தாரு, அன்னையிலேர்ந்து மொத்த கம்பெனியும் என் மேஜைக்கு அடியில அதுலதான் ஓடுது, காலையிலேர்ந்து அது ஒரு மாதிரி இழுக்குது, அதுக்கும் ஒரு துணை வெச்சுக் கொடுங்களேன்!"