இரைச்சல் நீக்கிய வெள்ளம்

கல்லணை கட்டியதற்கு அடுத்தபடியாகத் தஞ்சாவூர்ச் சீமையில் நடந்த மகத்தான காரியம், விவசாயி மருதையனின் போன் பேச்சு 'எம்பி3' ஆக மாற்றப்பட்டதுதான்.

மருதையனின் வயல் முத்துப்பேட்டைக்கு மேற்கே. கதிர் தள்ளும் நேரத்தில் சம்பா மூழ்கியது. மூன்று நாளுக்குள் காப்பீட்டுக் கம்பெனியின் உதவி எண்ணுக்குப் பேசி விவரம் சொன்னால்தான் இழப்பீடு. இரண்டாம் நாளே பேசினார். 'விவரம் ஏதும் பெறப்படவில்லை' என்று கடிதம் வந்தது. கிழவர் கையெழுத்து மட்டும் போடுவார். எழுதியதை நம்பமாட்டார், சொன்னதையும் அவ்வளவாக நம்பமாட்டார். பஸ் ஏறி வந்து, கம்பெனி மேலாளர் வெங்கடகிருஷ்ணன் எதிரே உட்கார்ந்து, தான் பேசியதைப் போட்டுக்காட்டச் சொன்னார்.

அழைப்புகள் எல்லாம் பத்திரமாகவே இருந்தன. எவ்வளவு பத்திரம் என்றால், கம்பெனி தானே கண்டுபிடித்த வடிவத்தில் பதிந்திருந்ததால் கம்பெனியாலும் திறக்க முடியவில்லை. உடனே கூட்டம் கூடியது. முந்திரி பக்கோடா வந்தது. சாதாரண செல்போனிலும் கேட்கும்படி அவற்றை 'எம்பி3' ஆக மாற்றுவதென 'வரலாற்று' முடிவு எடுக்கப்பட்டது. மருதையனின் அழைப்பு சென்னை போய்ப் பதினாறு நாளில் திரும்பியது. அவரும் திரும்ப வந்தார்.

"பழைய பதிவுல ஒரே இரைச்சல், பெரியவரே. மாத்தும்போதே அதையும் எடுத்துட்டாங்க. இப்ப சுத்தமா கேக்கும்" என்று பட்டனை அழுத்தினார் மேலாளர்.

முதலில் ஒரு பெண்குரல்: "என்ன பாதிப்புன்னு சொல்லுங்க சார்."

பிறகு மருதையன்: "நான் சொன்னா நம்பமாட்டீங்க. நீங்களே கேட்டுக்குங்க."

அப்புறம் நான்கு நிமிடம் பரிசுத்தமான மௌனம். இடையில் அந்தப் பெண் மூன்று தடவை, சார் லைனில் இருக்கிறாரா என்று விசாரித்தாள்.

அந்தப் பெண் அத்தனை தடவை கேட்டும் மருதையன் வாய் திறக்கவில்லையே என்று மேலாளர் வருத்தப்பட்டார்.

மருதையன் விளக்கினார். மனுஷன் சொல்வதை எந்த ஆபீஸ் நம்பியிருக்கிறது? அதனால்தான் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று போனை வயல்மேல் நீட்டிப் பிடித்திருந்தார். கரை உடைந்து தண்ணீர் பாய்கிற சத்தம், மழை, தவளை எல்லாம் பேசட்டும் என்று.

"அதுதாங்க இரைச்சல்" என்றார் மேலாளர், மிகுந்த பரிவோடு. கோப்பில் 'விவசாயி விவரம் தர மறுத்தார்' என்று எழுதி முடித்தார்.

கிழவர் எழுந்தார்.

"வடிகால்ல பதினோரு நாளா வடியாத தண்ணி தம்பி. மேசையில உக்காந்தே வடிச்சிட்டீங்க, கெட்டிக்காரங்கதான். சரி, தண்ணியே வரலைன்னா, என் பயிர அழிச்சது யாரு?"